பனைமரத்தின் வடக்கு

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய வரைபடத்துக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. மேலே வடக்கு, கீழே தெற்கு, வலப்பக்கம் கிழக்கு, இடப்பக்கம் மேற்கு என்று அதற்கு எல்லாம் மனப்பாடம்.

ஒரு நாள் காலை ஏரி உடைந்து, தண்ணீர் ஊருக்குள் வரத் தொடங்கியது. பள்ளி வாசலில் ஓர் எறும்புக் கூட்டம் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு தவித்து நின்றது.

"வடக்கே பெரிய பாறை இருக்கிறதாம். வடக்கு எந்தப் பக்கம் அண்ணே?" என்று வெளியே வந்த பல்லியிடம் தலைவி எறும்பு கேட்டது.

"என் பின்னால் வாருங்கள்" என்ற பல்லி, பக்கத்திலிருந்த பனைமரத்தில் ஏறியது. எறும்புகளும் வரிசையாக ஏறின.

மட்டையில் உட்கார்ந்திருந்த காகம், "எல்லோரும் எங்கே கிளம்பிவிட்டீர்கள்?" என்றது.

"வடக்கே" என்றது பல்லி.

"பாறை இருக்கும் பக்கம்தான் வடக்கு. நீங்கள் சும்மா மேலே வந்துகொண்டிருக்கிறீர்கள்."

"நீ வரைபடம் பார்த்திருக்கிறாயா?"

காகம் பார்த்ததில்லை.

வெள்ளம் அடிமரத்தைச் சூழ்ந்து நின்று, மாலையில் வடிந்தது. ஒரு முட்டைகூட நனையவில்லை.

"இனிப் பயமில்லை. தெற்கே இறங்கலாம்" என்றது பல்லி.

காகத்துக்குப் பொறுக்கவில்லை. "அது தெற்கே இல்லை, தாயே" என்று தலைவி எறும்பிடம் சொன்னது.

தலைவி எறும்பு அதை இரக்கத்தோடு பார்த்தது. "திசை தப்பியிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போமா, தம்பி?" என்று கேட்டுவிட்டு, கூட்டத்தோடு தெற்கு நோக்கி இறங்கியது.