நாக்கடியில் ஒரு சொட்டு

"தூசி அலர்ஜி நல்லாவே அடங்கிடுச்சு. இனிமே நாக்குக்கடியில சொட்டு மருந்து வேண்டாம்," என்றார் டாக்டர்.

அம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மூன்று வருடப் பாடு! பக்கத்து நாற்காலியில் அப்பாவும் பெருமூச்சு விட்டார். மகளின் முகம் மட்டும் தொங்கிப்போனது.

"நிறுத்தாதீங்க டாக்டர்."

"ஏன்டி, மறுபடி வீசிங் வந்துடும்னு பயமா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. மருந்து ஊறுற வரைக்கும் நான் பேசக் கூடாதுல்ல? உங்களைப் பார்த்து நானும் பேசிடக் கூடாதுன்னு நீயும் அப்பாவும் வாயை மூடிக்கிட்டுப் பக்கத்துல உக்காந்திருப்பீங்க. நம்ம வீட்டுல அப்ப மட்டும்தான் சண்டை இருக்காது."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

யார் நாக்கடியிலும் மருந்து இல்லை. இருந்தும் இருவரும் வாய் திறக்கவில்லை.