கூட்டாத வாசல்

பாண்டீஸ்வரன் விடிந்ததிலிருந்து தன் வீட்டு வாசலுக்குக் காவல் நின்றான்.

ராத்திரி முழுக்கச் சாம்பக்கா மரம் பூவைக் கொட்டியிருந்தது. ஊசி ஊசியாக, அடர்ந்த ரோஸ் நிறத்தில். மண் ஒரு இடத்திலும் தெரியவில்லை. துவைக்கிற கல்கூட ரோஸாகிவிட்டது.

அதில் ஒரு கால் தடமும் விழக்கூடாது. பத்து மணி வரைக்கும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை. தேயிலை எஸ்டேட்டுக்கு லீவு. ஆறு வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்தில் அத்தனை பேரும் வீட்டில் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் தண்ணீர்க் குழாய்க்குப் போக அந்த வாசல்தான் நேர்வழி.

அவன் ஆளுக்கொரு கும்பிடு போட்டு, எல்லாரையும் பின்பக்கச் சாக்கடை ஓரமாகத் திருப்பிவிட்டான். பால்காரர் யாக்கோபு முதலில் முறைத்தார். பிறகு தரையைப் பார்த்தார். பைக்கை மேட்டிலேயே நிறுத்திவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு சுற்றி நடந்தார்.

பக்கத்து வீட்டு மாரீஸ்வரியின் கோழிகளை அவனே பிடித்துக் கூடையைக் கவிழ்த்து மூடினான். சேவல் மட்டும் அவனைச் சாக்கடை ஓரமாகவே குழாயடி வரை துரத்தியது.

"யாரு தம்பி வாரது, இம்புட்டுப் பாடு படுத?" என்று மாரீஸ்வரி கேட்டாள்.

"ஒரு ஆளு வருது மதினி" என்றான்.

அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தீர்ந்தது. தீபாவளி வரைக்கும் ஃபேக்டரியில் தலைகாட்ட முடியாது.

அவன் சொல்லவில்லை என்றதும் லயம் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது.

எட்டு மணிக்கு யாரோ யூடியூப்காரர்கள் என்று இருந்தது. எட்டரைக்கு டிவி சீரியல் ஷூட்டிங் ஆயிற்று. ஒன்பது மணிக்கு, கதாநாயகி யார் என்று குழாயடியில் இரண்டு பேர் சண்டை போட்டார்கள்.

ஒன்பதரைக்கு மாரீஸ்வரி பட்டுச்சேலையில் வந்து நின்றாள். சொந்தத் தங்கை கல்யாணத்துக்கே தாடியோடு போன கடைசி வீட்டுப் பிச்சைமணி, மழமழவென்று சவரம் செய்துகொண்டு வந்தார். காலையில் பாண்டீஸ்வரனைத் திட்டியவர்களே இப்போது குச்சியும் கையுமாக நாய்களை விரட்டினார்கள்.

பத்து மணியாயிற்று. யாரும் வரவில்லை.

மலைக்கு மேல் ஒரு மேகம் கறுத்தது. பாண்டீஸ்வரன் அண்ணாந்து பார்த்தான். நாலு தூறல் விழுந்தாலும் போதும், எல்லாம் கூழாகிவிடும். காற்று அடித்தது. மரம் ஒரு குலுங்கு குலுங்கி, இன்னும் இரண்டு கைப்பிடிப் பூவை மேலே தூவியது. மேகம் குமுளிப் பக்கம் நகர்ந்துவிட்டது.

பத்தேகாலுக்கு மேட்டில் ஜீப் சத்தம் கேட்டது.

லயமே எழுந்து நின்றது.

ஜீப் வாசலுக்கு வெளியே நின்றது. முதலில் ஒரு ஒயர்கூடை இறங்கியது. அடுத்து ஒரு துணிமூட்டை. அதற்கடுத்து, கைக்குழந்தையோடு பூமாரி இறங்கினாள்.

பாண்டீஸ்வரனின் பெண்டாட்டி. பிரசவத்துக்குக் கம்பத்தில் அம்மா வீட்டுக்குப் போய் ஐந்து மாதமாகிறது. பங்குனி பிறந்துதான் வருவாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.



மாரீஸ்வரி தன் பட்டுச்சேலையைப் பார்த்தாள். பிச்சைமணியின் மழமழத்த கன்னத்தைப் பார்த்தாள்.

"அடப்பாவி, பொண்டாட்டிக்காகவா!"

அந்தச் சிரிப்பு மேல் பங்களா வரைக்கும் கேட்டிருக்கும். பாண்டீஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான். காது மடல் சூடாகிவிட்டது. மாரீஸ்வரி சிரித்துக்கொண்டே ஆரத்தி கரைக்க உள்ளே ஓடினாள்.

பூமாரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் வாசலையே பார்த்தாள்.

"என்னங்க இது, எத்தன நாளாக் கூட்டாமக் கெடக்கு? வெளக்குமாத்த எங்க வச்சிருக்கீக?"

லயம் இன்னொரு முறை சிரித்தது. அவன் முகம் தொங்கிப்போயிற்று.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, பூ விழுகிற மாதமெல்லாம், காலை ஐந்தரைக்கு இருட்டோடு இருட்டாக இந்த வாசலைக் கூட்டி அள்ளிக் குழியில் கொட்டிவிட்டுக் கொழுந்தெடுக்க ஓடியவள் அவள். விழுந்து கிடக்கும் பூவை வெளிச்சத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

கம்பத்திலிருந்து போன வாரம் அவனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். யாரோ வாட்ஸ்அப்பில் அவளுக்கு அனுப்பியது. ஒரு மரம், மரத்தடி முழுக்க ரோஸ் பூ. 'இது எந்த ஊருங்க? ஒரு தடவ கூட்டிட்டுப் போறீகளா?' என்று கேட்டிருந்தாள்.

அவன் பதில் போடவில்லை.

"அந்தப் படம் அனுப்புனேல்ல, எந்த ஊருன்னு கேட்டு" என்றான் இப்போது, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "வந்தாச்சு."

பூமாரி மறுபடி வாசலைப் பார்த்தாள். ஓரத்திலிருந்து மெதுவாக, மரத்தின் தூர் வரைக்கும்.

பிறகு குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள்.