நாற்காலிக்குக் காலுறை

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறிய பஸ் டிரைவர், மாடி வீட்டுத் தையல்காரியின் வாசலில் நின்று மூச்சு வாங்கினான்.

இன்று அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவதாக உத்தேசம்.

பின்னே என்ன? இரவெல்லாம் வண்டி ஓட்டுகிறவன் பகலில்தானே தூங்க முடியும்? கண்ணை மூடினால் போதும், தலைக்கு மேலே கர்ரென்று ஒரு நாற்காலி நகரும். துணி வெட்டும் மேசைக்கும் மிஷினுக்கும் நடுவே அவள் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அதை இழுப்பாள்.

முந்தாநாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவனுக்குக் கண் செருகிவிட்டது. ஒரே ஒரு நொடிதான். பின்னால் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

படிக்கட்டில் நின்று நாலு தடவை கத்தியும் பார்த்தாயிற்று.

"ஏம்மா, அந்த நாற்காலிய இழுக்காதீங்கம்மா, மனுஷன் தூங்க வேணாமா?"

பதிலே வராது. ஒட்டடைக் கம்பால் கூரையை இடித்தால் மட்டும் சட்டென்று நிற்கும். ஆக, எல்லாம் காதில் விழத்தான் செய்கிறது, திமிர். டிரைவர் இப்படித்தான் முடிவு கட்டி வைத்திருந்தான்.

கதவு திறந்தே கிடந்தது. தையல்காரி வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கம்பளி நூல் உருண்டைகள், மெல்லிசும் தடிசுமாக. அறையின் அந்தக் கோடியில், அவள் கைக்கெட்டும்படி சுவரையொட்டி மூன்று நாற்காலிகள்.

மூன்றுக்கும் காலுறை மாட்டியிருந்தது. மொத்தம் பன்னிரண்டு, எல்லாம் கொக்கி ஊசியால் கையில் பின்னியவை.

டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டைக்கு வந்தவன் சிரித்தால் கெட்டது கதை என்று அடக்கிக்கொண்டான்.

முதல் நாற்காலிக்கு மெல்லிய நூல். உறை கச்சிதமாகத்தான் இருந்தது. தையல்காரி இடது உள்ளங்கையைத் தரையில் பதித்துக்கொண்டு, வலது கையால் நாற்காலியை இழுத்தாள். இழுத்துவிட்டுத் தலையை ஆட்டினாள், இல்லையென்று. அடியைத் திருப்பினால் அதற்குள் நூல் நைந்து மரம் எட்டிப் பார்த்தது.

இரண்டாவதற்குச் சுண்டுவிரல் தடிமனில் நூல். மெத்தென்றுதான் இருந்தது, ஆனால் கண்ணியெல்லாம் தொளதொள. ஒரு முழம் இழுப்பதற்குள் உறை பின்தங்கிவிட, நாற்காலி வெறுங்காலோடு முன்னே போயிற்று. அவள் உறையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள். சலிப்பு என்பதே அவளிடம் இல்லை.

எதற்கு அந்த உள்ளங்கை? அதுதான் டிரைவருக்குப் புரியவில்லை. டாக்டர் நாடி பார்ப்பதுபோல அத்தனை கவனமாக வைத்திருந்தாள்.

மூன்றாவதற்கு நடுத்தர நூல், அதையே இரட்டையாகச் சேர்த்து, சின்ன ஊசியால் நெருக்கிப் பின்னியிருந்தாள். ஒரு காலில் மட்டும் ஏதோ கண்ணி தப்பியிருக்க வேண்டும். அந்த உறையைக் கழற்றி, நாலு வரிசையை ஒரே இழுப்பில் பிரித்தாள். யாருக்கும் தெரியப்போவதில்லை, நாற்காலிக்கு அடியில் போகிற பின்னல். இருந்தும் பிரித்தாள், மறுபடி பின்னினாள்.

எத்தனையோ மெக்கானிக்குகளைப் பார்த்தவன் அவன். வேலை என்றால் இதுவல்லவா வேலை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

இவ்வளவும் கீழே தூங்குகிறவனுக்காக. அதாவது, தனக்காக. நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வந்தவன் செருப்பைக் கழற்றி வாசலோரம் வைத்தான்.

"ஏம்மா" என்றான், மெதுவாக.

அவள் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டான். ஊசி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கதவோரம் இருந்த அழைப்பு மணியை முதல்முறையாக அழுத்தினான்.

மணி அடிக்கவில்லை. மிஷினுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு விட்டு விட்டு எரிந்தது. அவள் உடனே திரும்பிப் பார்த்தாள்.

கீழ்த்தளத்தைச் சுட்டி, கன்னத்தில் கை வைத்துத் தூங்குவதுபோலக் காட்டி, நீங்கள்தானா என்று புருவத்தால் கேட்டாள். அவன் தலையாட்டினான். அவள் பரபரப்பாக எழுந்தாள். அவனுடைய காதைக் காட்டினாள், மூன்றாவது நாற்காலியைக் காட்டினாள், கையைக் குவித்து வேண்டிக்கொண்டாள்.

அவனுக்கு எல்லாம் ஒரே சமயத்தில் புரிந்தது, தரை அதிர்கிறதா என்று பார்த்த அந்த உள்ளங்கை உட்பட. படிக்கட்டில் நின்று கத்தியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

கேட்டுச் சொல்கிறேன் என்று சைகை காட்டிவிட்டு, காது கூர்மையாக இருக்கட்டுமென்று கண்ணை மூடிக்கொண்டான்.

ஒன்றும் கேட்கவில்லை. அவள் இன்னும் இழுக்க ஆரம்பிக்கவில்லை போலும். காத்திருந்தான். தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. இன்னும் கொஞ்சம் காத்திருந்தான்.

கண்ணைத் திறந்தபோது, நாற்காலி அவன் முழங்காலை ஒட்டி நின்றிருந்தது.