அழுத்தாத கை

“அசையாதீங்க! நீங்க சிரிச்சா தொடை ஆடுது, அளவு மாறுது.”

“கூசுதே டாக்டரம்மா,” என்றான் கணவன், ஸ்கேன் அறைக் கட்டிலில் மல்லாந்தபடி.

அவள் டாக்டர் இல்லை. தசையின் தடிமனை ஸ்கேனில் அளக்கப் பழகுகிறவள். இன்று தேர்வு. கணவனின் இடது தொடையை முதலில் அவள் அளக்க வேண்டும், பிறகு பெரிய டாக்டர் அளப்பார். இரண்டும் ஒத்துப்போனால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

“நீங்களாவது தைரியமா இருங்களேன். எனக்குப் பயமா இருக்கு.”

“நான் மட்டும் என்னவாம்? வரும்போது படியில முட்டி மடங்கி விழப் பாத்தேன். உன் பயம் எனக்கும் தொத்திக்கிச்சு.”

அவள் ஜெல்லைத் தடவி, கருவியைப் பூப்போல வைத்தாள். துளி அழுத்தினாலும் தசை நசுங்கி மெலிதாகக் காட்டிவிடும். அவளுடைய தலைவலியே அதுதான். மூன்று மாதமாக இதே தொடையில் பழகுகிறாள். வாரத்துக்கு வாரம் அளவு குறைந்துகொண்டே வந்தது.

“மாடி மாடியா பார்சல் சுமக்கிறவரு தொடை இளைக்குமா? உன் கைதான் அழுத்துது,” என்று பெரிய டாக்டர் போன வாரம்கூடச் சிடுசிடுத்தார்.

திரையில் எண் வந்தது. போன வாரத்தைவிடக் குறைவு.

“மறுபடி குறைஞ்சிடுச்சுங்க. போச்சு, எல்லாம் போச்சு.”

“கொஞ்சம் கூட்டிச் சொல்லிடேன். யாருக்குத் தெரியப் போகுது?”

“சும்மா இருங்க. அப்படியெல்லாம் எனக்கு வேலை வேணாம்.”

தேர்வு விதிப்படி திரையிலிருந்த எண்ணை அழித்துவிட்டு, கதவைத் திறந்து டாக்டரைக் கூப்பிட்டாள். வந்தவர் அளந்தார். மறுபடி அளந்தார். நெற்றியைச் சுருக்கினார்.

“வலது காலையும் காட்டுங்க.”

வலது கால் தேர்வில் இல்லையே! நான் அவ்வளவு மோசமாகவா அளந்துவிட்டேன் என்று நினைத்தாள். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சுவரோரம் நின்றாள்.

“உன் அளவைச் சொல்லும்மா.”

சொன்னாள். அவளுக்கே கேட்காத குரல்.

“எனக்கும் அதேதான் வருது. நீ பாஸ்.”

“என்னங்க, கேட்டீங்களா? பாஸாம்!” அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கணவன் கட்டிலிலேயே எழுந்து உட்கார்ந்து கைதட்டினான்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

“மூணு மாசமா உன்னை அநியாயமாத் திட்டிட்டேன். உன் கை ஒருநாளும் அழுத்தலம்மா,” என்றவர், கணவன் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். “தம்பி, படியேறும்போது முட்டி மடங்குதா?”