ஒரு திருகாணிகூட வரவில்லை

பக்கத்து வீட்டு டெஸ்மண்ட் சொல்லும் இந்தக் கதையை நான் பல வருடங்களாக முழுசாக நம்பியதில்லை. பொய் என்றும் சொல்ல முடியவில்லை. என் புத்திதான் கோணலோ என்று என்னையே சந்தேகப்பட்டதுதான் அதிகம்.

இங்கிலாந்தில் எங்கள் பார்ன்ஸ்லி ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. கடைத்தெருவில் ஒரு சமையலறைக் கடை இருந்தது. மேடை, அலமாரி, தொட்டி எல்லாம் வீட்டுக்கு வந்து அளவெடுத்துப் பொருத்தித் தருவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் கடையின் பெயர்ப் பலகை நிறத்திலேயே பச்சைப் பசேலென்று மைக்ரோவேவ்கள். அந்தப் பச்சையில் வேறெங்கும் கிடைக்காது. 'நண்பரைக் கூட்டி வாருங்கள். அவர் பணம் கட்டியதும் ஒன்று உங்களுக்கு!' என்று மேலே எழுதியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை கடை பூட்டிக் கிடந்தது. பணம் கட்டியவர்கள் வாசலில் நின்று கத்தினார்கள்.

"ஒரு திருகாணிகூட வரல!" டெஸ்மண்ட் இன்றைக்கும் மேஜையைத் தட்டுவார். "திருட்டுப் பசங்க! தூக்கி உள்ள போட்டிருக்கணும்."

"உங்க பணம்தான் திரும்ப வந்துடுச்சே."

"ஏன் வந்துச்சு? பேங்க்ல நேரா போடுங்க, தள்ளுபடி தர்றேன்னு குழைஞ்சான் பாரு, அப்பவே எனக்கு வாடை அடிச்சிடுச்சு. கிரெடிட் கார்டை நீட்டினேன். கொஞ்சம் பணம் அதுல கட்டினாலே போதும்ப்பா. கடை முழுகினா மொத்தத்துக்கும் கார்டுக்காரன் பொறுப்பு."

"வாடை அடிச்ச கடையில ஏன் வாங்கினீங்க?"

"விலை மலிவு. போனாலும் எனக்கு ஒண்ணும் போகாதே! நம்மள நாமதான் பாத்துக்கணும்."

அடுத்து ஐரீனிடம் வருவார். எப்போதும் வருவார்.

ஐரீன் எங்கள் தெருக்கோடி வீடு. கணவர் போனபின் தனியாக இருக்கிறார். பள்ளிக்கூட கேண்டீனில் பரிமாறிச் சேர்த்ததை எல்லாம் அந்தக் கடையின் பேங்க் கணக்கில் போட்டுவிட்டார். ஆள் வரும் தேதியைச் சொன்னார்களே என்று பழைய சமையலறையையும் பெயர்த்தெடுத்துக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க, குளியல் தொட்டி முன்னால் மண்டி போட்டுத்தான் தட்டு கழுவினார்.

"தள்ளுபடின்னதும் நாக்கைத் தொங்கப் போட்டா. அனுபவிக்கட்டும்," என்பார் டெஸ்மண்ட்.

"வாடை அடிச்சதை அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"கேட்டாளா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரு அவளை அந்தக் கடைக்குப் போகச் சொன்னது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வருவேன்.

ஐரீனிடமே ஒருமுறை கேட்டேன்.

"வேண்டப்பட்டவங்க ஒருத்தர்தான் சொன்னாங்க, கண்ணு. நல்ல கடைன்னு கூடவே வந்து காட்டினாங்க."

"யாரு அது?"

"விடேன். கடை முழுகும்னு தெரிஞ்சிருந்தா அப்படிச் செஞ்சிருப்பாங்க? பேரைச் சொன்னா இந்தத் தெரு அவங்களை மென்னு துப்பிடும். என் பணம் போனது போச்சு, அவங்க மானமும் போகணுமா?"

இன்னொரு பிஸ்கட்டை என் பக்கம் தள்ளினார்.

போன சனிக்கிழமை என் வீட்டுக் கூரை ஓரத்து மழைநீர்க் குழாயில் அடைத்திருந்த இலைகளைத் தள்ளுவதற்கு ஏணி வேண்டியிருந்தது.

"கொட்டகையில இருக்கு, நீயே எடுத்துக்கோ," என்றார் டெஸ்மண்ட்.

எடுத்தேன். ஏணியோடு சேர்ந்து ஒரு பழைய போர்வையும் சரிந்து விழுந்தது.

போர்வைக்கு அடியில் இருந்ததைக் குனிந்து பார்த்தேன். பிறகு ஏணியை அங்கேயே போட்டுவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு போய் அவருடைய டீ கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மைக்ரோவேவ். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பச்சைப் பசேலென்று இருந்தது.

டீயில் தோய்த்துப் பிடித்திருந்த பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. டெஸ்மண்ட் அதைக் கவனிக்கவில்லை.

"டெஸ்மண்ட், நீங்க எப்பவும் கேப்பீங்களே, அதையே இன்னிக்கு நான் கேக்கறேன். ஐரீனை அந்தக் கடைக்குப் போகச் சொன்னது யாரு?"