மூன்றாவது நோக்கம்

ஞாபகம் இழந்தவரைச் சோதிக்க நினைப்பவர்கள் முதலில் நோக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மருத்துவமனையில் செழியனின் கையில் கட்டிவிட்ட பேசும் பட்டை கேட்காமல் விடாது. தெரிந்துகொள்ளவா, சரிபார்க்கவா, காட்டவா? தேன்மொழி தினமும் காலையில் "தெரிஞ்சுக்க" என்று சொல்லிவிட்டுத்தான் கணவனிடம், "நான் யாருங்க?" என்று கேட்பாள். அவன் சங்கடமாகச் சிரிப்பான்.

விபத்து அவனிடமிருந்து கடைசிப் பத்து வருடங்களை மட்டும்தான் எடுத்துக்கொண்டிருந்தது; கல்யாணமும் அதோடு போயிருந்தது. அதனால் அன்று வந்த நாத்தனார் ஓவியாவைப் பார்த்ததும் "அக்கா" என்றான், பள்ளிக்கூடக் கதை பேசினான்.

"தம்பி நல்லாத்தானே இருக்கான்? நீதான் ஞாபகம் போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறே," என்றாள் ஓவியா.

தேன்மொழிக்குச் சுருக்கென்றது. கணவன் முன்னால் போய் நின்றாள்.

"நான் யாருன்னு..."

"நோக்கம்?" என்று பட்டை குறுக்கிட்டது.

"தெரிஞ்சுக்க."

"இதற்கு அவர் என்ன சொல்வார் என்று காலையிலேயே தெரிந்துகொண்டீர்கள். நோக்கம்?"

ஓவியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். செழியனும்தான்.

"காட்ட," என்றாள் தேன்மொழி, தரையைப் பார்த்தபடி.

"இப்போது கேட்கலாம்."

குனிந்திருந்த அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, செழியன் அக்கா பக்கம் திரும்பினான்.

"அவங்கள ஒண்ணும் சொல்லாதக்கா. யாரு பெத்த பிள்ளையோ, விடிஞ்சதுலேருந்து எனக்குத்தான் செஞ்சுக்கிட்டிருக்காங்க."