தங்கைக்கு மறுத்த சொற்கள்

பெனிட்டாவுக்குப் பேச்சு வராது, ஒரு விரல்தான் அசையும். அந்த விரலால் தட்டினால், சக்கர நாற்காலியில் இருக்கும் பெட்டி அவளுக்காகப் பேசும். பள்ளியில் நடத்திய பாடங்களின் சொற்கள் மட்டுமே அதில் ஏறும்.

உடலைப் பற்றிய பாடத்துக்குச் சம்மதம் கேட்டபோது, "நாற்காலில கெடக்கவளுக்குக் கல்யாணமா காட்சியா? வேண்டாம்னு சொல்லுல" என்றார் அப்பா. பள்ளிக்குப் பதில் சொல்லும் பொறுப்பை ஷார்ஜாவிலிருந்தே பார்த்த அண்ணன் செல்வின், குடும்ப மானத்தைக் காத்த பெருமையோடு, பள்ளியின் ஃபோன் செயலியில் 'வேண்டாம்' என்று சொல்லிப் பதிவு செய்தான்.

இன்று டீச்சர் அழைத்தார். "பஸ்ல ஏத்திவிடுற ஆளைப் பாத்தாலே அழுறா தம்பி. எங்க தொட்டான்னு கேட்டா, பெட்டியில ஒளிச்சேர்க்கை இருக்கு, மகரந்தம் இருக்கு. அவ உடம்புக்கு ஒரு வார்த்தை இல்ல. புகார்ல என்னத்த எழுத?"

சொற்களை ஏற்ற, சம்மதம் மறுத்தவனே ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். ஷார்ஜா அறையில் கூடத் தங்கியிருந்த எட்டுப் பேர் பார்த்திருக்க, செல்வின் ஃபோனில் "மார்பு" என்றான்.

"ஏல, மெதுவா! பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்று ஊரிலிருந்து அதே இணைப்பில் சேர்ந்திருந்த அப்பா பதறினார்.

"கேக்கட்டும்பா. நம்ம வெக்கம் அவனுக்குல்லா வசதியாப் போச்சு!"

அடுத்த சொல்லை அவன் எடுப்பதற்குள், பள்ளியில் பெட்டி பேசிவிட்டது. "மார்பு. மார்பு. மார்பு."

மானம் தாங்காமல் அப்பா இணைப்பைத் துண்டித்தார்.